பழைய ஜீப்புக்கு மாற்று எஞ்சினா? சற்று நில்லுங்கள்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டிக் கல்வராயன் மலைமேல் ஏறும் சாலையை வாசகர்களில் சிலரேனும் பார்த்திருப்பீர்கள். வெள்ளிமலை வரை பேருந்து போகிறது. அதற்கும் அப்பால், மலையின் மடிப்புகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர்கள் பல. புளி, கடுக்காய், சாமை, மரவள்ளி என்று மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிப்பதும் சேகரிப்பதும் சந்தைக்கு வருவதற்கும், சந்தையிலிருந்து அரிசியும் எண்ணெயும் மலைக்குப் போவதற்கும் ஜீப்பை நம்பியிருக்கும் ஊர்கள் அவை. நோயாளிகள் இறங்கி வருவதும் பெரும்பாலும் அதே ஜீப்பில்தான்.

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் நான் எஞ்சினைப் பற்றியும் கியரைப் பற்றியும் எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. என் மூத்த சகோதரியின் கணவர் பல ஆண்டுகளாக இந்த மலையில் புளியும் கடுக்காயும் வாங்கி விற்பவர். மலைமக்கள் அவரை 'ஜீப் பாய்' என்றே அழைப்பர். அவரிடம் இருந்தது மஹிந்திரா எம்.எம். 540 என்னும் ஜீப். 1980களில் வந்த வகை. அரசு அலுவலகம் ஒன்றில் உழைத்து முடித்து, ஏலத்தில் கைமாறி, இவரிடம் வந்து சேர்ந்தது. பெஜோ டீசல் எஞ்சின், நான்கு கியர், முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் ஆகியவை அதில் உண்டு.

எஞ்சின் தேய்ந்து புகை தள்ளத் தொடங்கியபோது, நகரத்துப் பட்டறை ஒன்றில் அவருக்கு ஓர் ஆலோசனை கிடைத்தது. "பாய், இந்தப் பழசுக்குச் செலவழிக்காதீர்கள். காரிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று ஐந்து கியர் பெட்டியோடு அப்படியே கிடைக்கிறது. மைலேஜும் கூடும், வேகமும் கூடும்" என்றார்கள். மச்சானுக்கு ஆசை வந்தது. கார் கியர்ப் பெட்டியோடு டிரான்ஸ்பர் கேஸ் பொருந்தவில்லை என்று அதைக் கழற்றி விற்றுவிட்டார்கள். நான்கு சக்கர இழுவை போய் இரண்டு சக்கர இழுவையானது. சமவெளியில் வண்டி பறந்தது. சேலத்துக்குப் போய்வந்த அன்று மச்சானின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை. புளி மூட்டைகளுடன், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியையும் அவளுடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி மருத்துவமனையை நோக்கி இறங்கி வந்தார். முதல் கியரில் போட்டும் வண்டி கட்டுக்குள் நிற்கவில்லை. பிரேக்கை விடாமல் மிதித்தபடியே வந்திருக்கிறார். பாதி மலையில் பிரேக் லைனிங் கருகிய வாடை எழுந்தது. அடுத்த வளைவில் பெடல் கால்வரை இறங்கியும் வண்டி நிற்கவில்லை. பள்ளம் இடப்புறம், மலைச்சரிவு வலப்புறம். மச்சான் வலப்புறம் திருப்பி மண்மேட்டில் உரசி நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. பின்னால் வந்த வண்டியில் அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பினார்கள். அன்றிரவே ஆண்குழந்தை பிறந்தது. ஆனால் மச்சான் ஒரு மாதம் வண்டிச் சாவியைத் தொடவில்லை.

அந்த ஒரு மாதத்தில் நான் அவருடன் பட்டறை பட்டறையாக அலைந்தேன். பி.ஏ.வில் வரலாறு படித்த எனக்குப் பல் எண்ணிக்கையும் கியர் விகிதமும் அந்த நாட்களில்தான் பழக்கமாயின. நான் புரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறேன். நம் குடும்பங்களில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இறக்கத்தின் கணக்கு

எஞ்சினை மாற்ற நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, 'எத்தனை குதிரைத்திறன்? ஏற்றத்தில் இழுக்குமா?' என்பதுதான். மலையில் ஓடும் வண்டிக்கு அது இரண்டாவது கேள்வி. ஏற்றத்தில் எஞ்சினுக்கு வலுவில்லையென்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிடி இல்லையென்றால் என்னவாகும் என்பதை மேலே படித்தீர்கள்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். சுமையோடு 2,000 கிலோ எடையுள்ள ஜீப் 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொள்வோம். இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் எங்கேயாவது வெப்பமாக மாறியே தீர வேண்டும். அந்த வெப்பம் 30 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களுக்குள் அவ்வளவு சூட்டையும் இறக்கினால் லைனிங் கருகாமல் என்ன செய்யும்? அந்தச் சுமையின் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்க வேண்டும். தாழ்ந்த கியரில் வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது, எஞ்சினின் உராய்வே பிரேக்காகிறது.

இதில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று நுழையும் வழி அடைபடுகிறது. பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி தானே தயங்குகிறது. வழக்கமான டீசல் எஞ்சினில் அந்த அடைப்பு கிடையாது. உள்ளே அழுத்தப்பட்ட காற்று மீண்டும் விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுவதால், அழுத்தச் செலவானதில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடுகிறது. 'டீசல் எஞ்சின் என்றாலே இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் டீசல் வண்டிகளில் இருக்கும் தாழ்ந்த கியர்களுக்கும் பெரிய எஞ்சினுக்கும் உரியது. பெட்ரோல் ஜீப்பில் சிறிய டீசல் எஞ்சினை வைத்து, கியரையும் உயர்த்திவிட்டால் இரட்டை இழப்பு.

இனி கியருக்கு வருவோம். பழைய பெட்ரோல் ஜீப்பின் டி-90 என்னும் மூன்று கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 2.8. டிரான்ஸ்பர் கேஸில் தாழ்நிலைக் கியர் 2.46. பின் அச்சின் கிரௌன் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது எஞ்சின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினாலும் வண்டி மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். அதே ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸை எடுத்துவிட்டு, முதல் கியர் 3.75 உள்ள கார் பெட்டியை வைத்தால் மொத்தப் பெருக்கம் 20தான். அதே 3,000 சுற்றில் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடும். பிடி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மச்சானின் ஜீப்பில் நேர்ந்தது இதுதான். எண்கள் சற்று வேறாக இருக்கலாம், கதை அதேதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டி-90 பெட்டியில் முதல் கியருக்கு 'சின்க்ரோமெஷ்' கிடையாது. வண்டி உருளும்போது அதற்கு மாற்றுவது எளிதன்று. ஆகவே எந்தக் கியரில் இறங்கப் போகிறோம் என்பதை உச்சியிலேயே நின்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பழைய ஓட்டுநர்கள் இறக்கத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்தி, தாழ்நிலையில் போட்டுவிட்டுப் புறப்படுவதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்போது அது ஏதோ பழக்கம் என்று நினைத்தேன்.

மூன்று எஞ்சின்கள்

ஜீப் நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றில் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லூதியானாவில் தொடங்கப்பட்ட அந்த எஃகு வணிக நிறுவனத்தின் முதற்பெயர் 'மஹிந்திரா அண்டு முகம்மது'. மஹிந்திரா சகோதரர்கள் இருவருடன் பங்காளியாக இருந்தவர் மாலிக் குலாம் முகம்மது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானுக்குச் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் 1951-இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948-இல் நிறுவனம் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என்று பெயர் மாறியது. அமெரிக்க வில்லீஸ் நிறுவனத்தின் ஜீப்புகளை இங்கே இணைத்துத் தரும் வேலையில் தொடங்கி, நம் மலைச்சாலைகளையெல்லாம் ஜீப்பால் நிறைத்தது அந்த நிறுவனம்தான்.

எஞ்சின் மாற்றினால் வண்டியே மாறிவிடும் என்பதற்கு வில்லீஸ் நிறுவனமே சான்று. 1953-இல் சி.ஜே. 3பி என்னும் ஜீப்பில் 'ஹரிகேன்' என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்தார்கள். அதன் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்ததால் எஞ்சின் உயரமானது. பழைய மூடி பொருந்தவில்லை. மூடியையே உயர்த்திவிட்டார்கள். நம் ஊரில் 'உயர்ந்த மூக்கு ஜீப்' பல ஆண்டுகள் ஓடியதற்குக் காரணம் அந்த எஞ்சின்தான்.

பழைய ஜீப் வைத்திருப்பவர் முன்னால் இன்று பெரும்பாலும் மூன்று வழிகள் வந்து நிற்கின்றன.

ஹரிகேன் பெட்ரோல் எஞ்சினையே புதுப்பித்துக்கொள்வது ஒன்று. இறக்கத்தில் அதன் பிடி நல்லது, வண்டியும் அதற்காகவே பிறந்தது. பெட்ரோல் செலவுதான் வயிற்றைக் கலக்கும். வாரம் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்வருபவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. தினமும் சுமை ஏற்றுபவருக்கு ஆகாது.

அடுத்தது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல். 2,112 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு 90 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 83 மி.மீ. அகலம் மிகுந்து நீளம் குறைந்திருப்பதால் வேகமாகச் சுற்றும் இயல்புடையது. ஓட்டம் மென்மை. குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை பொறுமை வேண்டும்.

மூன்றாவது, மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சின். இண்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வம்சம். நம் பக்கத்து உழவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. குறுக்களவு 88.9 மி.மீ., நீளம் 101.6 மி.மீ., அதாவது சரியாக நான்கு அங்குலம். நீண்ட ஓட்டமாதலால் தாழ்ந்த சுற்றிலேயே இழுவை தரும். டீசலை நேரே பிஸ்டன் தலையில் பீய்ச்சுவதால் எளிதில் கிளம்பும், குறைவாகக் குடிக்கும். அதிர்வும் இரைச்சலும் அதிகம். எடையும் அதிகம்.

இவ்விரு டீசல்களும் 60 குதிரைத்திறனை ஒட்டியவையே. காகிதத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வேறுபாடு சுற்றில் இருக்கிறது. பெஜோ 4,500 சுற்றுவரை போகும். டிராக்டர் வழி எஞ்சினுக்கோ 3,200தான் எல்லை. 5.38 கிரௌன் உள்ள பெட்ரோல் ஜீப்பில் டி.ஐ. எஞ்சினை வைத்தால், கடைசிக் கியரில் எல்லைவரை முடுக்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 2,000 சுற்றில் நிம்மதியாகப் போனால் 50. 'வண்டி ஓடவே மாட்டேன் என்கிறது' என்று சிலர் கிரௌனை மாற்றிவிடுவார்கள். அப்போது மலையில் பிடி போய்விடும். முன் அச்சின் கிரௌனை மாற்றாமல் பின்னதை மட்டும் மாற்றினாலோ நான்கு சக்கர இழுவையே பயன்படாது, போட்டால் பற்கள் உடையும்.

சேலத்துக்கும் விரைவாகப் போக வேண்டும், வெள்ளிமலையிலிருந்தும் பத்திரமாக இறங்க வேண்டும் என்பவர்களுக்கு, டிரான்ஸ்பர் கேஸை வைத்துக்கொண்டே ஐந்து கியர் பெட்டியைச் சேர்ப்பது ஒரு வழி. தாழ்ந்த கியர்கள் அப்படியே இருக்க, ஐந்தாவது கியர் சமவெளிக்கு உதவும். ஆனால் அந்தப் பெட்டி நீளமானது. டிரான்ஸ்பர் கேஸ் பின்னுக்குத் தள்ளப்படும். பின் ஷாப்டைக் குறைக்க வேண்டும். குட்டை ஜீப்பில் அந்த ஷாப்ட் செங்குத்தாகச் சாய்ந்து, கிராஸ்கள் அடிக்கடி தேயும்.

இணைப்பில் உள்ள நுட்பம்

எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் தகட்டைச் செய்வது கடைசல் பட்டறை வேலைதானே என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சின் தண்டின் மையமும் பெட்டித் தண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு விலகினாலும் சில மாதங்களில் பைலட் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் போய்விடும். 'டயல் கேஜ்' வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அது இல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சின் எண்ணெய்த் தொட்டி முன் அச்சுக்கு நேர்மேலே வருகிறதா என்று குனிந்து பாருங்கள். நின்ற நிலையில் இடைவெளி தெரியும். குழியில் விழுந்து அச்சு மேலேறும்போது தொட்டியில் இடிக்கும். எடை கூடிய எஞ்சினானால் முன் பட்டைகளுக்கு ஓர் இலை சேர்க்க வேண்டியிருக்கும். மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்று தானே வராதாகையால் ரேடியேட்டரும் விசிறியும் புது எஞ்சினுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பிரேக்குக்கு வெற்றிட பூஸ்டர் உள்ள வண்டியானால், டீசலுக்கு மாறும்போது வாக்குவம் பம்ப் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

ஆர்.சி. புத்தகம்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. பலர் இதை இறுதியில் நினைக்கிறார்கள், முதலில் நினைக்க வேண்டியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதற்கு உரிமையாளருக்கு அனுமதியில்லை. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்புடன் உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று கூறுகிறது. அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை மாற்றுவது எளிய வழி. அதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வேறு வகை எஞ்சினானால், வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டுக் கேட்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மச்சானின் வண்டி மண்மேட்டில் உரசியதற்குப் பதிலாக ஒரு மனிதர் மீது உரசியிருந்தால்? ஆர்.சி.யில் ஓர் எஞ்சின் எண், வண்டியில் வேறோர் எண். காப்பீட்டு நிறுவனம் எடுத்த எடுப்பிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். இழப்பீட்டுச் சுமை முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். அவர்களுக்கு இருப்பது ஒரே வீடு.

பழைய எஞ்சின் வாங்கும்போது எண் தெளிவாக இருக்கிறதா, அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டியின் பதிவு முறையாக நீக்கப்பட்டதா என்று கேட்டு, ரசீதும் வாங்குங்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் நம் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம். காயலான் கடை என்ற சொல்லே நம் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பார்கள். அந்தத் தொழிலில் நாணயமானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ரசீது கேட்டால் கோபித்துக்கொள்வதில்லை.

மச்சான் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். டி.ஐ. எஞ்சின் மேல்தான் அவருக்கு மனம் சென்றது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வகை மாறுவதால் அலுவலகத்தில் இழுபறியாகும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, அவர் விற்றுத் தொலைத்த டிரான்ஸ்பர் கேஸைப் போன்றே ஒன்றைத் தேடிப் பிடித்தோம். விற்ற விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்தோம். அதே வகை பெஜோ எஞ்சின் ஒன்று, ஆவணங்களோடு, விருத்தாசலத்துப் பக்கம் கிடைத்தது. அனுமதி பெற்று, வேலை முடித்து, எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற ஏழு வாரம் ஆயிற்று.

முதல் நாள் அவருடன் நானும் மலைக்குப் போனேன். திரும்பும்போது இறக்கத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்தி, தாழ்நிலையில் போட்டு, இரண்டாவது கியரில் இறக்கினார். பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனார்கள். அடிவாரத்தில் இறங்கி டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கும் அளவுக்குச் சூடு இருந்தது.

அந்தக் கார் எஞ்சின் இப்போது அக்காவின் வீட்டுப் பின்புறம், தென்னை மரத்தடியில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறது. ஐந்து கியர் பெட்டியும் அதனோடுதான். வாங்கிய விலையில் பாதிக்குக்கூட இதுவரை யாரும் கேட்கவில்லை.